நான்காவது டேக்

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு, அனிமேஷன் துறையின் தரைத்தள ஸ்டுடியோவில் ஏசி நின்றுபோனது. லேப் உதவியாளர், நாங்கள் லேப் அண்ணன் என்போம், சுவிட்சை நாலைந்து முறை போட்டுப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவருவதாகச் சொல்லிக் கிளம்பினார். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை, ஐயா. நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். வரிசையில் முதலில் வருவது அதுதான்.

இறந்தவன் என் தம்பி. என் அம்மாவின் தங்கை மகன், எனக்குப் பதினொரு மாதம் இளையவன். சித்திக்கு மருத்துவமனையில் ஷிப்டு மாறி மாறி வரும், சித்தப்பா வேலை பார்த்தது வெளியூரில். அதனால் அவன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். நான் நோட்டின் ஓரங்களில் குதிரை வரைந்து, தாள்களை விரலால் புரட்டி ஓட வைத்துக் காட்டுவேன். மறுநாள் அவன் நோட்டில் குதிரை வேலி தாண்டும். வீட்டில் எல்லோரும் அவன் குதிரையைத்தான் பார்த்தார்கள். அவன் இடது சுண்டுவிரல் வளைந்திருக்கும். பழைய முறிவு என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருப்பதாகச் சொன்னீர்கள். எட்டு வயதில் கதவில் சிக்கியது. கதவை மூடியது நான். அவன் விரல் அங்கே இருந்தது.

நாங்கள் படித்தது கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். அனிமேஷனும் டிஜிட்டல் சினிமாவும், நான்கு வருடப் படிப்பு. எங்கள் துறைத் தலைவர் போதகரும்கூட. முதல் நாள் ஜெபம் செய்துவிட்டுத்தான் கேமராவின் மூடியைக் கழற்றினார். கடைசி வருடம் ஒவ்வொரு குழுவும் வேதத்திலிருந்து ஒரு கதையை எடுத்துச் சிறு படம் செய்ய வேண்டும். அவற்றில் ஒன்றே ஒன்றை, பட்டமளிப்பு ஆராதனை முடிந்ததும், சேப்பலில் பாட்டு வரிகள் ஓடும் பெரிய திரையில் காட்டுவார்கள். பெற்றோர்கள், பேராசிரியர்கள், படம் எடுக்கும் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். நான்கு வருடமும் நான் மனதில் வைத்திருந்தது அந்தத் திரையைத்தான்.

நானும் தம்பியும் ஒரே குழு. இரண்டு சகோதரர்களின் கதை. இருவரும் காணிக்கை கொண்டுவருகிறார்கள். தம்பியின் காணிக்கை ஏற்கப்படுகிறது, அண்ணன் அவனை வயலுக்குக் கூட்டிப்போய்க் கொல்கிறான். கதையைத் தேர்ந்தெடுத்தது அவன். நீங்கள் இதையும் அதையும் முடிச்சுப் போட வேண்டாம்.

எங்கள் படத்தில் அண்ணன் கல்லால் தாக்குவான், தம்பி பாறை விளிம்பிலிருந்து மல்லாந்து விழுவான். அந்த விழும் காட்சியை நான் தனியாக நான்கு மாதம் செய்தேன். பிப்ரவரி மதிப்பீட்டில் துறைத் தலைவர் அதை நான்கு முறை ஓட்டிப் பார்த்தார்.

“ஏம்பா, இவன் விழறானா, இறங்கறானா? எடையே இல்லையே. தலையணை உறைய உதறிப் போட்ட மாதிரி இருக்கு.”

வகுப்பு சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி, “சார், விழறத காட்டவே வேண்டாமே. அண்ணன் கை ஓங்கினதும் பக்கத்துல நிக்கிற ஆட்டுக்குட்டிய காட்டலாம். அது மேயறத நிறுத்துது. அவ்வளவுதான்” என்றான்.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அதாம்பா படம்” என்றார். அன்றே அவனை இயக்குநர் ஆக்கினார். என் நான்கு மாதம் இருந்த இடத்துக்கு ஓர் ஆட்டின் கழுத்து வந்தது.

வராந்தாவில் அவன் என் தோளில் கை போட்டான்.

“கோவமாண்ணா?”

“இல்லடா.”

“பொய். உன் காது செவந்திருக்கு. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன், உனக்குக் கோவம் காதுலதான் வரும்.”

எனக்குக் கோபம் இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

விழும் காட்சியைக் கடைசியாக ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம், எடை வந்தால் வைத்துக்கொள், வராவிட்டால் உன் ஆடு இருக்கட்டும் என்றேன். “நீ கேட்டு நான் என்னைக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கேனா?” என்றான். யோசித்துப் பார்த்தால், இல்லை. ஒருநாளும் சொன்னதில்லை.

எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நடிப்பவர் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை போட்டுக்கொள்வார். தலை, மார்பு, இடுப்பு, கை, கால் என்று பதினேழு இடங்களில் தீப்பெட்டி அளவில் சென்சார் இருக்கும். உடம்பு அசைய அசைய, கணினியில் ஒரு குச்சி உருவம் அதேபோல் அசையும். முகம் கிடையாது, குரல் கிடையாது. வெறும் அசைவு. பிறகு அதன்மேல் பாத்திரத்தைப் போர்த்துவோம். அவன் தம்பி, நான் அண்ணன். இருவரும் உடை போட்டிருந்தோம்.

“இதுல கக்கூஸ் போறதுன்னா அதுக்கே தனியா ஒரு டேக் எடுக்கணும்ணா” என்றான்.

“வாயக் குறைச்சுட்டு மேல ஏறு.”

“இயக்குநர்கிட்ட பேசற பேச்சா இது? மெக்கானிக் வரதுக்குள்ள எடுத்துடுவோம், வேர்வைல சென்சார் எல்லாம் வழுக்குது.”

ஏழடி உயர மரமேடை. பின்னால் சிமெண்டுத் தரை, அதன்மேல் நீல நிறத்தில் கனமான மெத்தை. முதல் மூன்று டேக்கும் எடுத்தோம். பஞ்சு நிறைத்த கல்லால் அவன் நெற்றியில் தட்டி, மார்பில் கை வைத்துத் தள்ளுவேன். மூன்றும் துறைத் தலைவர் சொன்னது போலவே இருந்தன. திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது காரணம் புரிந்தது. கால் மேடையை விட்டுக் கிளம்பும் முன்பே தோள் சுருங்குகிறது, தாடை மார்பைத் தொடுகிறது. கீழே மெத்தை இருப்பது அவன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. பிழை என் அனிமேஷனில் இல்லை. இதை நான்கு வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

நான்காவது டேக்குக்கு அவன் முன்பக்கம் பார்த்து நின்று உடையின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் மேடைக்குப் பின்னால் போய் மெத்தையைச் சுவர்ப்பக்கம் இழுத்தேன். ஆறடி இருக்கும். ஏசி ஓடாததால் அறை நிசப்தமாக இருந்தது, மெத்தை தரையில் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. “என்னண்ணா?” என்றான். “மேடைக் காலுக்கு நடுவுல ஒயர் கிடக்குடா” என்றேன். பதிவை ஓடவிட்டு மேடையேறினேன்.

“நடி” என்றான் அவன்.

பதினெட்டு பிரேம், ஐயா. முக்கால் வினாடி. தோள் சுருங்கவில்லை. கைகள் பின்னால் விரிந்து, இருக்க வேண்டியதைத் தேடின. முதலில் பின்தலை, பிறகு தோள், பிறகு மற்றதெல்லாம். அப்படி ஒரு விழுதலை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

மூன்றரைக்கு லேப் அண்ணன் மெக்கானிக்கோடு வந்தார். மெத்தை அவன் தோளுக்குக் கீழே பாதியும் வெளியே பாதியுமாக இருந்தது. மெத்தை வழுக்கிவிட்டது, விழுந்தவுடனே உயிர் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தேன். பல்கலைக்கழகம் விசாரித்து, மேடைக்குக் கைப்பிடி வைத்தது.

அடக்கத்தன்று சித்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “கடைசி நேரத்துல அண்ணன் பக்கத்துல இருந்தியே, அது போதும்டா எனக்கு” என்றார். நர்ஸ் வேலை பார்த்த கை. என் நாடியில் அவர் விரல்கள் தானாகவே போய் நின்றன. நாடி சீராகத்தான் ஓடியிருக்கும்.

பதிவைச் சுத்தம் செய்ய எனக்குப் பதினோரு நாள் ஆனது. சென்சார் சில நேரம் காரணமில்லாமல் நடுங்கும். அதை நாய்ஸ் என்போம். ஒவ்வொரு சென்சாரின் அசைவும் கணினியில் ஒரு கோடாக வரும்; அந்த நடுக்கங்களைக் கோட்டிலிருந்து நீக்குவதுதான் சுத்தம் செய்வது. நான்காவது டேக்கில், விழுந்த பிறகு, நாய்ஸ் மிக அதிகம். நீக்கிவிட்டேன். படம் சேப்பலில் ஓடியது, நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. இயக்கம் என்று அவன் பெயரைத்தான் போட்டேன். அந்தக் காட்சி வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். துறைத் தலைவர் வெளியே வந்து என் தலையில் கை வைத்தார். “இப்ப எடை இருக்குப்பா” என்றார்.

ஜூனில் அதே துறையில் பயிற்றுநராகச் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பதிவைச் சுத்தம் செய்யும் பயிற்சி கொடுக்க வேண்டும். நாய்ஸ் நிறைய இருக்கும் பதிவு வேண்டியிருந்தது. சர்வரில் நான்காவது டேக்கின் அசல் இருந்தது. அதில் அண்ணன் உருவத்தை மறைத்துவிட்டு, தம்பி உருவத்தை மட்டும் கொடுத்தேன். ஏன் வேறு பதிவைக் கொடுக்கவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நாய்ஸுக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எல்லோரும் செய்து கொடுத்தார்கள். கடைசி பெஞ்சில் உட்காரும் பெண் ஒருத்தி மட்டும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

“சார், இது நாய்ஸ் இல்ல சார்.”

“பின்ன என்னம்மா?”

“நாய்ஸ் கன்னாபின்னான்னு வரும். இது சீரா வருது. மார்பு சென்சார் மட்டும் நாலு செகண்டுக்கு ஒருதடவ ஏறுது, இறங்குது. மூச்சு சார். பதினோரு நிமிஷம் இருக்கு.” அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். “அப்புறம் இங்க பாருங்க. தலை மட்டும் தானா மேல எழும்புது. கை ஊனல, தோள் அசையல. யாரோ தூக்கற மாதிரி இருக்கு. ஆனா யாருமே இல்ல.”

போய்ப் பயிற்சியை முடி என்றேன். அவள் முடிக்கவில்லை. மறைத்து வைத்திருந்த இரண்டாவது உருவத்தைத் தேடி எடுத்துத் திரையில் போட்டுப் பார்த்தாள். பிறகு நேராகத் துறைத் தலைவரிடம் போனாள்.

ஆக, அந்தப் பதினோரு நிமிடம்.

அவன் கண் திறந்திருந்தது. “மெத்தை எங்கண்ணா?” என்று கேட்டான். பிறகு சித்தியைக் கூப்பிட்டான். பிறகு பேசவில்லை. கை மட்டும் என் பக்கம் இரண்டு முறை எழுந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் கட் சொல்லும்வரை யாரும் டேக்கை நிறுத்தக் கூடாது, இது முதல் வருடப் பாடம். இயக்குநர் கீழே கிடந்தான். நான் மேடைப்படியில் உட்கார்ந்திருந்தேன். எட்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்ததாக உங்கள் நிபுணர் சொல்கிறார். இருக்கலாம். என் கை ஒரு முறைகூட நடுங்கவில்லை என்பதையும் அவர் சொல்லியிருப்பார்.

பிறகு இறங்கிப்போய் அவன் தலையை இரண்டு கையாலும் தூக்கினேன். மனிதத் தலை நாலரை கிலோ என்று புத்தகத்தில் படித்திருந்தேன். தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. திரும்பத் தரையில் வைத்தேன். இரண்டு முறை என்று விசாரணையின் முதல் நாள் சொன்னேன். கோட்டில் நான்கு இருக்கிறது என்கிறீர்கள். நான் எண்ணவில்லை, கோடு எண்ணியிருக்கிறது, நான்குதான். ஒரு தலையை மெதுவாகக் கீழே வைக்கப் பன்னிரண்டு பிரேமாவது ஆகும். அந்த நான்கும் மூன்று மூன்று பிரேமில் முடிந்திருக்கின்றன. மூன்று பிரேமில் எதையும் வைக்க முடியாது. அது என் தொழில், எனக்குத் தெரியும். ஆமாம், நான்தான் கொன்றேன்.

நான்காவதுக்குப் பிறகு மார்பு சென்சாரின் கோடு நேராகப் போனது. ஆறு வினாடி காத்திருந்தேன். பிறகு நானே கட் சொன்னேன். மெத்தையை இழுத்து அவன் தோளுக்கடியில் பாதியைச் செருகிவிட்டு, பதிவைச் சேமித்துவிட்டு, லேப் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டேன். பட்டியல் துறை அறிவிப்புப் பலகையில் இன்னும் இருக்கிறது. நாய்ஸை நீக்கச் சொல்லியிருந்தது. அவள் நீக்கவில்லை.