மீட்டா நாலாவில் ஊதாத சைரன்

கருத்தரங்குகளில் சமோசா மட்டும் எப்போதும் நன்றாக இருக்கும், மேடம். அன்றைக்கும் அபர்தீன் பஜாரிலிருந்து சூடாக வந்திருந்தது. ஏற்பாடு என்னுடையதுதான். இதை ஏன் சொல்கிறேனென்றால், அன்று மதியம் நான் ஒரு நிலையில் இல்லை, பதற்றத்தில் இருந்தேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு சமோசா சாப்பிட்டேன். புதினாச் சட்னி குறைந்துவிட்டது என்று ஹோட்டல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

என் பெயர் ஜெகநாதன். மழைநீர் வடிகாலும் வெள்ள முன்கணிப்பும் என் பிரிவு. பிறந்தது நடு அந்தமானில், ரங்கத். அப்பா ராமநாதபுரத்திலிருந்து ரோடு காண்ட்ராக்டில் கூலிக்கு வந்தவர். நான் மெயின்லேண்டில் எஞ்சினியரிங் படித்துவிட்டு, அங்கேயே இருந்துவிடாமல் திரும்பி வந்தவன்.

யாரும் என்னைத் தேடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். விசாரணைக் குழு அறிக்கை கொடுத்துவிட்டது. கருவி பழுதானதால் கணிப்பு தவறியது, எச்சரிக்கை அனுப்பாத ஜூனியர் எஞ்சினியர் ரூபா சஸ்பெண்ட். அவ்வளவுதான் அறிக்கை. ரூபா மேல் தப்பில்லை, அதைச் சொல்ல வேண்டும். கருவி மேலும் தப்பில்லை. மழைமானியும் நீர்மட்டக் கருவியும் என் கையால் பொருத்தியவை. அன்று அவை சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது. கணிப்பு தவறியது என்று எழுதியவனுக்குக் கை கூசியிருக்க வேண்டும்.

மீட்டா நாலாவை நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். வண்டூர் போகிற ரோட்டுக்குக் கடல் பக்கமாக, பள்ளத்தில் இருக்கிற பஸ்தி. தமிழ், பெங்காலி, தெலுங்கு என்று எல்லாரும் கலந்து குடியிருக்கிற இடம். மலையிலிருந்து வருகிற ஓடை ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் வழியாக நுழைந்து கடலுக்குப் போகும். சுனாமி வந்தபோது இந்தப் பக்கம் நிலமே தாழ்ந்துவிட்டது. அதிலிருந்து பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்தில் கடல் அந்தக் குழாய்வாய் வரைக்கும் ஏறி நிற்கும். அந்த நேரம் பார்த்து மலையில் கனமழை பெய்தால் ஓடைத் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. ரோட்டுக்கு மேல்புறம் ஏரி போலத் தேங்கும். ரோட்டுக்கரை வெறும் மண். அது உடைந்தால் தேங்கியது முழுவதும் பஸ்தியின் தலையில் விழும். பாருங்கள், ஒரு தடவை சொன்னதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

இதைத்தான் நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னையில் சொன்னேன், கொல்கத்தாவில் சொன்னேன், இங்கே போர்ட் பிளேரில் எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கே இல்லை. இப்போது ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள், பேனரில் ஸ்ரீ விஜயபுரம் என்று போடுகிறோம். பேனர்தான் மாறியது. நான் பாதியில் இருக்கும்போதே நேரம் முடிந்தது என்று சீட்டு வரும். அடுத்து வருகிறவர் ஏதோ ஐரோப்பிய நகரத்தின் கால்வாய்ப் படங்களைக் காட்டுவார். கைதட்டல் அவருக்கு. பிறகு சால்வை, சிப்பியில் செய்த கப்பல், குரூப் போட்டோ. தீர்மானத்தின் கடைசியில், உள்ளூர்ச் சவால்கள் கவனத்தில் கொள்ளப்படும் என்று ஒரு வரி. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மனைவி மரகதம், "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாள். பிரஷரை நான் யாரிடமும் காட்டியதில்லை. என் குரல் உயர்ந்து அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

எங்கள் டைரக்டர் விஜயராஜ் ஒரு முறை டெல்லிக் குழுவோடு மீட்டா நாலாவுக்கு வந்தார். சேறாக இருந்ததால் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டே கேட்டார்.

"ஜெகன், இதுவரைக்கும் இங்க யாராச்சும் செத்திருக்காங்களா?"

"இல்லை சார். ஆனா கரை உடைஞ்சா..."

"ஆனா கீனா விடுங்க. ஆத்மி மரா க்யா? ஆள் செத்தானா? இல்லேல்ல. அப்புறம் எதைக் காட்டி நான் ஃபைலை மேல தள்றது?"

கண்ணாடி ஏறிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அரசாங்கம் எப்படி நகரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் சைரன் ஊதினேன். அதையும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கடலில் தாழ்வு மண்டலம், மலையில் மேகம், ஏற்றமும் சேர்ந்து வந்தது. எல்லா ஃபோனுக்கும் மெசேஜ் போனது. பஸ்தி முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. மழை வடக்கே திரும்பி திக்லிபூரில் போய்க் கொட்டியது. இங்கே தூறல். ஜனங்கள் திரும்பி வந்து பார்த்தால் நாலைந்து வீட்டில் கோழியைக் காணோம், ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டரைக் காணோம். அடுத்த நாள் நான் அங்கே போனபோது ஒருவன் வாயைக் குவித்து சைரன் மாதிரி ஊதினான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பஜாரிலேயே எனக்கு 'ஜூட்டா சைரன்' என்று பெயர். பொய்ச் சைரன். அலுவலகத்தில் மெமோ. டைரக்டர் அனுமதி இல்லாமல் இனி ஊதக் கூடாது.

யாருக்காக வருஷக்கணக்காகக் கத்தினேனோ அவர்களே சிரித்தார்கள், மேடம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

சிரிக்காத ஒருவர் உண்டு. தனபாக்கியம் அக்கா. ரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர். கணவர் நாகமுத்து பக்கவாதத்தில் கட்டிலோடு கிடக்கிறார். அன்றைக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு ஆள் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் ஏறினார்கள். திரும்பி வந்த பிறகு அக்கா எனக்குக் கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க தம்பி. வரும்னு சொன்னது வராமப் போனா சந்தோஷந்தானே? அச்சா ஹி ஹுவா, நல்லதாத்தான் போச்சு."

நல்ல மனுஷி. ஆனால் அந்தப் பேச்சு எனக்கு உறைக்கத்தான் செய்தது. சொன்னது வராமல் போனால் எனக்கு என்ன சந்தோஷம்?

இனி அந்த நாள். மூன்று நாள் கருத்தரங்கு, நடு நாள், மதியத்துக்குப் பிறகு. ஒருங்கிணைப்பாளர் நான். தேதியை மெயின்லேண்ட் நிபுணர்களின் ஃபிளைட் வசதிக்குத்தான் வைத்தார்கள். அன்று பௌர்ணமி ஏற்றம் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. காலையிலிருந்தே மழை. கூடத்தில் ஏசி குளிர், எல்லாரும் கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். என் லேப்டாப்பில் மீட்டா நாலாவின் நீர்மட்டக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. தேநீர் இடைவேளையில் அது சிவப்புக்கு வந்தது. ஏற்றம் உச்சிக்கு வரும்போது கரை தாங்காது என்று கணிப்பு. பஸ்தி முழுவதும் நடந்தே மேலே ஏற நேரம் இருந்தது. கட்டிலோடு தூக்கிப் போகவும் நேரம் இருந்தது.

விஜயராஜ் சார் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

நான் கேட்கவில்லை. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன். சைரன் ஊதினால் ஜனம் ஏறிவிடும். கரை உடைந்து காலி வீடுகளுக்குள் தண்ணீர் போகும். பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் ஒரு படம் வரும். ஆளுக்கு ஒரு தார்ப்பாய் கொடுப்பார்கள். குழாய் அதே குழாயாக இருக்கும், கரை அதே மண்ணில் மறுபடி போடப்படும். அடுத்த கருத்தரங்கில் நான் மறுபடி எழுந்து நிற்பேன். வீடு போனால் தார்ப்பாய் வரும், உயிர் போனால்தான் குழாய் வரும். இந்த விதியை நான் எழுதவில்லை. நான் அதைப் படித்துப் புரிந்துகொண்டேன்.

கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பு அன்று ரூபாவுடையது. நிகழ்ச்சிக்கு ஆள் போதாது என்று அவளை ஹோட்டலுக்கு வரவழைத்திருந்தேன். அவள் தன் ஃபோனில் சிவப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"சார், மீட்டா நாலா ரெட். அனுப்பிடலாமா?"

"டைரக்டர்கிட்ட சொல்லி நானே அனுப்பிட்டேன்மா. ரெண்டு தடவை போனா ஜனம் குழம்பும். நீ போய் ப்ரொஜெக்டரைப் பாரு."

"தேங்க் காட் சார்" என்றாள். போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை என்று இதனால்தான் சொன்னேன். குழுவிடம் அவள் இதைச் சொல்லியும் எடுபடவில்லை.

அடுத்து நடந்ததைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பேராசிரியர் வர முடியாமல் போனதால் மேடையில் இடம் இருந்தது. நான் ஏறினேன். மீட்டா நாலாவின் கோட்டைப் பெரிய திரையில் போட்டேன். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளம் உருவாகிக்கொண்டிருக்கிறது, பாருங்கள் என்றேன். கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் தடவையாக எனக்குச் சீட்டு வரவில்லை. ஃபோனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். கேள்வி கேட்டார்கள். எந்த மாடல் என்று ஒருவர். கருவி எந்தக் கம்பெனி என்று ஒருவர். இதைக் கட்டுரையாக்கலாமே என்று ஒரு அம்மா. கைதட்டினார்கள். விஜயராஜ் சாரும் தட்டினார்.

கூடம் நிறைய நிபுணர்கள். அந்த ஜனங்களுக்குச் சொல்லியாச்சா என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நான் காத்திருந்தேன். கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே பட்டனை அழுத்தியிருப்பேன். அவர்களையும் இந்த நாற்காலியில் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும் நீங்கள். செய்ய மாட்டீர்கள், தெரியும்.

கரை உடைந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பதினோரு பேர். மறுநாள் காலை கூடத்தில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். பிறகு உட்கார்ந்து, ஏற்கெனவே போட்டிருந்த வரிசைப்படி கட்டுரை வாசித்தார்கள். சாயங்காலம் சிப்பிக் கப்பல் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று.

ஆனால் வேலை நடக்கிறது, மேடம். போய்ப் பாருங்கள். மீட்டா நாலாவில் இப்போது ஜேசிபி நிற்கிறது. பெரிய சிமெண்ட் மதகு, கல் கட்டிய கரை. இத்தனை வருஷம் நான் கேட்டது ஒரு மாதத்தில் சாங்ஷன் ஆகிவிட்டது. அந்தப் பஸ்தியில் இனி பிறக்கிற குழந்தை ஒன்றும் தண்ணீரில் போகாது. அதைக் கணக்கில் சேர்க்காமல் என்னைப் பற்றி எழுதக் கூடாது.

எச்சரிக்கை அனுப்பாததற்கு என்ன செக்‌ஷன் என்று யோசிக்கிறீர்கள். கடமை தவறினான் என்று போடுவீர்கள். அது சரியாக வராது. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அது அந்தக் குழுவின் அறிக்கையில் இல்லை.

மேடை ஏறுவதற்கு முன்னால் தனபாக்கியம் அக்கா ஃபோன் பண்ணினார். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். மழைச் சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது.

"தம்பி, இங்க மழை ஊத்துது. நாலா சிவப்பா ஓடுது. சைரன் ஊதலையே? இவரைத் தூக்கணும்னா இப்பவே ஆள் கூப்பிடணும். நேராச் சொல்லுங்க, கிளம்பணுமா வேணாமா?"

அவர் ஒருத்தர்தான் போவார் என்றால் விட்டிருப்பேன். ஆனால் நாற்காலியில் நாகமுத்துவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் தெருவில் நடந்தால் பஸ்தி முழுக்கப் பின்னால் நடக்கும். போன தடவையும் அப்படித்தான் நடந்தது.

"வேணாம் அக்கா. ஒண்ணும் வராது. வீட்டுலயே இருங்க" என்றேன்.

"அச்சா. நீங்க சொன்னாப் போதும். சிலதுங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்குதுங்க. எஞ்சினியர் தம்பி சொல்லிருச்சு, உள்ள போங்கன்னு அதுங்களுக்கும் சொல்லிடவா?"

"சொல்லுங்க" என்றேன்.

சொல்லியிருக்கிறார். வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். மூட்டையைப் பிரித்துவிட்டு உள்ளே போனவர்களைத்தான் நீங்கள் பிறகு வெளியே எடுத்தீர்கள். அக்காவையும் நாகமுத்துவையும் ஒரே இடத்தில் எடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். கருவியில் பிழை என்கிற வரியை அடிக்கச் சொல்லுங்கள். என்ன மேடம், பேனாவை வைத்துவிட்டீர்கள்? எனக்கு அவசரம் இல்லை, தண்ணீர் குடித்துவிட்டு எழுதுங்கள். நான் சொன்னதை நம்பி, குறுக்கே பேசாமல், இப்படிக் கடைசி வரைக்கும் கேட்டவர் இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒருவர்தான்.