குறுக்கே நட்ட கம்புகள்

“ஒரு குருவி விழல, வேட்டைக்காரனாம். வெள்ளிக்கிழமை படகுக்கு மூட்டையக் கட்டு. இக்கிட்டோஸ்ல போய்ப் பழையபடி ஆட்டோவே ஓட்டு.”

“கத்தாத நீல்டா. உங்கப்பன் என்ன பொறக்கும்போதே துப்பாக்கியோடவா பொறந்தாரு?”

பலகைச் சுவர், ஐயா. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை; தானாக வந்து விழுவதை என்ன செய்ய? பக்கத்து வீட்டு ஜார்லின் இக்கிட்டோஸ் பட்டணத்திலிருந்து வந்த மாப்பிள்ளை. அந்த மழைக்காலத்தில்தான் வேட்டை பழக ஆரம்பித்தான். இருமிக்கொண்டே காட்டுக்குள் போவான். வெறுங்கையோடு திரும்புவான். பெண்டாட்டி நீல்டா பிடித்துக்கொள்வாள். எனக்கும் அன்று நன்றாகச் சோறு இறங்கும்.

போய்விடுவார்கள் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் கணவர் பேசுகிற ஆளில்லை. அந்த வீடும் அடங்கிவிட்டால் நான் யார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்?

மஹாஸ் என்று பன்றிக்குட்டிப் பருமனில் ஒரு எலி. அதைப் பிடிக்கத் தடத்தில் கட்டுத்துப்பாக்கி வைப்பார்கள். குறுக்கே கட்டிய நூலில் கால் இடறினால் வெடிக்கும். குழல் கணுக்கால் உயரம்தான். மனிதர்கள் விலகிப்போக, சற்று முன்னால் இரண்டு கம்புகளைக் குறுக்காக நடுவது வழக்கம். என் கணவரும் துப்பாக்கி வைத்து, கம்பும் நட்டிருந்தார். விறகுக்குப் போன நான் அவற்றையும் பிடுங்கி விறகுக்கட்டோடு சேர்த்துக்கொண்டேன். ஜார்லின் அந்த வழியாகத்தான் போவான் என்று தெரியும். காலில் பட்டால் இரண்டு மாதம் வீட்டில் கிடப்பான். சண்டைக்கும் பஞ்சமிருக்காது. எல்லோருக்கும் நல்லதுதானே?

அவன் முகத்தில் வாங்கினான். மண்டியிட்டுத் தடம் பார்த்திருக்கிறான். ஊன்றிய கை நூலில் பட்டிருக்கிறது. முந்தின மாலை அவன் மாமனார்தான் சொல்லிக்கொடுத்தார்: “அண்ணாந்து நடக்கறீங்களே மாப்ள, மஹாஸ் என்ன மேகத்துலயா ஓடுது? மண்டி போட்டு மண்ணப் பாருங்க.” அதையும் நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். இருந்தாலும் காலைத்தான் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பு நட்டதாக என் கணவர் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. நானும் நம்பாதவள்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அவரைப் பட்டணத்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நீல்டா அடுத்த வருடமே ஒரு படகுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆற்றோடு கீழே போய்விட்டாள். வீடு காலி, புதிதாக யாரும் வரவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகுதான் நானே உங்களுக்கு ஆள் அனுப்பினேன்.

பெண்கள் சிறையில் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்றீர்கள், ஐயா?