மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம்

பெட்ரோல் கேனைக் காருக்குள் படுக்க வைக்கக் கூடாது, தாயி. நிமிர்த்தி வைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். கழுத்துவரை நிரப்பக் கூடாது. முடிந்தால் வெளியே, கூரைமேல் கட்டிவிடுவது நல்லது. நீயும் போலீஸ் வண்டியில் காட்டுக்குள் போகிறவள், அதனால் சொல்கிறேன்.

இதெல்லாம் சதாசிவத்துக்கும் தெரியும். குனோங் ராபாட்டில் எங்கள் வரிசையிலேயே வீடு. போர்வீல் ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் ஸ்டேஷனே இல்லாத மலைக்காட்டுக்கெல்லாம் போவான். என் மகன் தனேஸ்வரன், முப்பத்தொரு வயது, அவனுக்குத் துணையாகப் போனான். பின்சீட்டில், கேனுக்குப் பக்கத்தில். சதாசிவம் ஓட்டிக்கொண்டே சிகரெட் பற்றவைத்தான். தீப்பிடித்ததும் அவன் மட்டும் குதித்துவிட்டான்.

அதற்காகக்கூட நான் கோபப்படவில்லை. என் மகன் கருமாதியன்று, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்:

"என்னக்கா செய்றது, ஒங்க பையன் மூடிய சரியா திருகல லா."

செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது.

நான் முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். சைக்கிள் டியூப் ஒட்டுவதற்கு அங்கே மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைப் பெட்ரோலில் ஊறப்போடுவோம். கஞ்சி மாதிரிக் குழைந்துவிடும். மரத்துப் பாலுக்குப் பெட்ரோல் ஆகாது. கேன் மூடிக்குள் போடுவது பெட்ரோலைத் தாங்குகிற வேறு ரப்பர்.

தூரப் பயணம் என்றால், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சதாசிவம் என்னைத்தான் கூப்பிடுவான். என் கை ராசியாம். மகன் போன பிறகும் இரண்டு வருஷம் வைத்தேன். போன வாரமும் பழத்தோடு போனேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். கேன் மூடிக்குள் இருந்த வளையத்தை எடுத்துவிட்டு, மரத்துப் பாலை உறையவைத்த பால்ஷீட்டில் நான் வெட்டி வைத்திருந்ததைப் போட்டேன். அதே அளவு.

கோவிட் வந்ததிலிருந்து அவனுக்கு வாடை தெரியாது. ஏர்கான் போட்டால் ஜன்னலைத் திறக்க மாட்டான். சிகரெட்டையும் விடவில்லை.

அவன் மகள் விமலா ஏறியதை நான் பார்க்கவில்லை என்று எழுதிவிடாதே. பார்த்தேன். தனேஸ்வரன் உட்கார்ந்த அதே இடம். வண்டி கிளம்பினதும் தூங்கிவிடுகிற பிள்ளை. "அத்தே, வரும்போது டுரியான் பழம் கொண்டாறேன்" என்றாள்.

சதாசிவம் இந்தத் தடவையும் குதித்துவிட்டான் என்கிறாய். நல்லது, அவன் இருக்கட்டும். விமலாவின் கருமாதிக்கு என்னை விடமாட்டீர்கள். நீ போய்க் கேட்டு வந்து சொல்: இந்தத் தடவை மூடியை யார் சரியாகத் திருகவில்லையாம்?

விமலாவுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை, தாயி. சீட் பெல்ட்டைக்கூட நானே இழுத்து மாட்டிவிட்டேன். பிள்ளைகள் விஷயத்தில் நான் எப்போதும் கவனமாக இருப்பவள்.