கயிற்றுக்கு வெளியே

கொழும்பிலிருந்து மன்னாருக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த இளம் தாய் கோபம் ஆறாமல் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய மடியில் நாலு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“பருத்திச் சட்டையோட தண்ணிக்க இறங்கக் கூடாதாம், அக்கா! நான் மன்னார் கீரிக் கடற்கரையில பிறந்து வளர்ந்தனான். கடலுக்கே நான் உடுப்பு மாத்திக்கொண்டு போனதில்லை.”

“ஆர் சொன்னது?”

“கொழும்பில அந்தப் பெரிய தண்ணி விளையாட்டுப் பூங்காவில காவலுக்கு நிண்டவன். நீச்சல் உடுப்புப் போட்டால்தான் விடுவானாம். பிள்ளையளை இறக்கிவிட்டிட்டு, தாய்மார் தடாகத்தைச் சுத்திக் கட்டின கயித்துக்கு வெளியில நிக்க வேணுமாம். நிண்டம். திடீரெண்டு மேல தொங்கின பெரிய வாளி கவிண்டு, அவ்வளவு தண்ணியும் இவளின்ர தலையில கொட்டிட்டுது. மூச்செடுக்க ஏலாமல் ‘அம்மா’ எண்டு கத்துறாள். அவன் கையைக் குறுக்க நீட்டி என்னை மறிக்கிறான்!”

“ஐயோ, பிறகு?”

“கையைத் தட்டிவிட்டிட்டு இறங்கீட்டன். பிள்ளையைத் தூக்கி இடுப்பில வைச்சன். அவன் விசிலை ஊது ஊதெண்டு ஊதுறான். ‘பிள்ளை தண்ணிக்குள்ள, தாய் வெளியில. இது என்ன சட்டம்?’ எண்டு நானும் கத்தினன். இவர் பையைப் பிடிச்சுக்கொண்டு, ‘வா, போவம்’ எண்டு கெஞ்சுறார்.”

“உங்களைப் பிடிச்சு வெளியில விட்டவங்களே?”

“ஒருத்தியெண்டால் விட்டிருப்பாங்கள், அக்கா. நான் திரும்பிப் பாக்கிறன், கயித்துக்கு அங்கால நிண்ட தாய்மார் எல்லாரும் சீலையோட இறங்கி வருகினம்!”