வேலியில் தொங்கிய மாலை

விழாத் தலைவர் முத்தலிபு ஹாஜியார் அவர்களே! மணலைத் தோண்டி நீரெடுத்து, அந்த நீரில் பொன்னெடுக்கும் எத்தாளை விவசாயிகளே! ஆலங்குடாக் கடலோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் கிடத்திக் காத்திருக்கும் உம்மாமார்களே, அம்மாமார்களே! அனைவருக்கும் அன்பு வாழ்த்துகள்.

இந்த விளைச்சல் விழாவில் உங்கள் உழைப்பின் பெருமை பேச வந்தேன். ஆனால் இப்போது நீங்கள் போட்ட இந்த மாலை என் பேச்சையே மாற்றிவிட்டது.

முன்வரிசையில் இஸ்ஹாக் நானா இருக்கிறார். போன வருடம் இதே மேடையில் சிறந்த வெங்காயச் செய்கைக்காக அவருக்கு மாலை போட்டோமே, நினைவிருக்கிறதா? ஓம் என்கிறீர்கள். மேடை மரியாதையை மண்ணில் போடலாமா என்று அதைத் தோட்டத்து வேலியில் தொங்கவிட்டார். நம்மில் யார்தான் அப்படிச் செய்யவில்லை?

மழை பெய்தது. வேலியடியில் கரட் இலை போல ஒரு செடி முளைத்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பூ. "வடிவாத்தானே இரிக்கி, கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டார் நானா. அதுதான் பயிரை விழுங்கும் பார்த்தீனியக் களை! இன்று வெங்காயப் பாத்தி எங்கே? வரப்பு எங்கே? போன கிழமை போனவன் பதறிப்போனேன். தோட்டமெல்லாம் வெள்ளை! வெறுங்கையால் பிடுங்கிப் பிடுங்கி நானாவின் தோல் வெடித்திருக்கிறது, மூச்சு இழுக்கிறது. அவர் மனைவி பளீலா ராத்தா அழுதார்: "தம்பி, நாங்க தோட்டத்தப் பாக்காம உட்டதால வந்திச்சாம், ஊரே சொல்லுது. இது எங்கேரிந்து வந்திச்சு?"

ராத்தாவின் கேள்விக்குப் பதில் இப்போது என் கழுத்தில் கிடக்கிறது! ரோசாவுக்கு இடையே பாருங்கள். அதே இலை! அதே வெள்ளை! அன்று நானா கழுத்தில் நாம் போட்டதும் இதைத்தான்! அந்த மாலையிலிருந்து உதிர்ந்த விதைதான் வேலியடியில் முளைத்தது!

யார் கட்டியதென்றா கேட்கிறீர்கள்? தேடாதீர்கள் தம்பி. அழகென்று ரோட்டோரம் பறித்த கை, நம் எல்லோரின் கை. ஹாஜியார் அவர்களே, உங்கள் மாலையையும் மெல்லக் கழற்றுங்கள், உதறிவிடாதீர்கள்! இந்தப் பைக்குள் போட்டு வாயைக் கட்டுகிறேன், எரித்துவிடுவோம்.

இனிப் பூக்கும் முன்னே பிடுங்குவோம், கையுறை போட்டுப் பிடுங்குவோம், வேரோடு பிடுங்குவோம்! எங்கே தொடங்குவது? எந்த வேலியைப் பார்த்துப் பழி சொன்னோமோ, அந்த வேலியில்! வருவீர்களா? பின்னால் நிற்பவர்களின் குரல் கேட்கவில்லையே!

இதோ, நானா எழுந்து ஏதோ சொல்கிறார். "வாங்க தம்பி. மாலை மட்டும் கொண்டு வராதீங்க."

வெறுங்கழுத்தோடு உங்களுக்கு நன்றி சொல்கிறேன். விடிந்ததும் நானாவின் தோட்டத்தில் நிற்பேன். வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.