தொங்கிப் பார்த்த பைப்பு

பிள்ளைகளா, மாட்டுத்தாவணியிலிருந்து திருவாதவூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசியதைச் சொல்கிறேன். மூத்தவள், தன் புது வீட்டு உச்சியில் கரண்டு கம்பியைத் தாங்க நட்ட பைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கனெக்சன் குடுக்குறதுக்கு முன்னாடியே உங்க அண்ணன அதுல தொங்க விட்டுட்டேன், தனம்."

"அடியாத்தி! எங்க அண்ணனையா மதினி?"

"பின்ன? பழைய வீட்டுல பைப்ப தகரத்தோட கட்டி, காத்துல சாஞ்சு, கம்பி விழுந்து மாடு செத்துச்சுல்ல. இப்ப புது வீட்டுக் கம்பிக்குக் கீழ புள்ளைக வெளையாடுதுக. அதான் செவுத்துல கிளாம்பு போட்டு, ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி, ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கச் சொன்னேன்."

"அண்ணன் எடைக்கு வீடே சாஞ்சிருக்குமே!"

"ம்க்கும், பைப்பு அசையலயே! முந்தாநா காத்துல தெருவுல பந்தலெல்லாம் பறந்துச்சு. எங்க கம்பி அப்படியே நின்டுச்சு. இப்ப உங்க அண்ணன் 'நான் தொங்கிப் பாத்த பைப்பு'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாக."

"துணிக்கொடி கட்டிக்கிறலாமே?"

"கட்டுனா கைய ஒடிச்சிருவேன். கம்பியத் தாங்கத்தான் அது."

அன்று சாயங்காலம் நான் தனியாக மாடி ஏறி, நம் வீட்டுக் கரண்டு பைப்பில் கட்டியிருந்த துணிக்கயிற்றை அவிழ்த்து, எதிர்ச் சுவரில் ஆணி அடித்துக் கட்டினேன்.