மூன்று குடம் குரங்கணித் தண்ணீர்

மதுரைக்குப் புறப்படவிருந்த போடி ரயிலில் என் காலடியில், குரங்கணி மலையிலிருந்து கொண்டுவந்த மூன்று தண்ணீர்க் குடங்கள். கால் வைக்க இடமில்லை. எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்குக் குடும்பத்தோடு திரும்பும் மகனிடம், வழியனுப்ப வந்த தாய் சொன்னாள்:

"எண்ணெ எடுக்கிற ஊருல கெணத்துத் தண்ணி கெட்டிருக்கும். பேரனுக்கு இதக் குடு."

"இல்ல ஆத்தா. நல்ல தண்ணி ஊத்தத் தாண்டி இரும்புக் குழா எறக்கி, சுத்திச் சிமிட்டி ஊத்தி அடைச்சப்புறந்தான் ஆழத்துக்குப் போவோம்."

"சிமிட்டி கசிஞ்சா?"

"ஒருக்கா சோதிக்கிறப்பக் கசிஞ்சுச்சு. எங்க மேஸ்திரி வேலையவே நிப்பாட்டிட்டாரு. ஆபீசுல அம்புட்டுத் திட்டு. மறுபடி அடைச்சப்புறந்தான் தோண்ட விட்டாரு. பக்கத்துக் கெணத்துத் தண்ணியிலதான் இன்னைக்கும் எங்களுக்குச் சோறு."

அவள் குடங்களைப் பார்த்தாள்.

"ரெண்ட எறக்கு. மிச்ச ஒண்ண அந்த மேஸ்திரி மனுசனுக்குக் கொண்டுபோ. நம்ம தண்ணியக் குடிக்கட்டும்."